பின்னணியைக் கழித்தல்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எங்கள் துறையின் மேல்மாடி அறையில் ஒருத்தரும் இருப்பதில்லை. பெரிய ஆக்கள் எல்லாம் வீட்டை போய்விடுவார்கள். சாவி ஆய்வுகூட ஐயாவிடம் இருக்கும். "லைற்றையும் ஃபானையும் நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ பிள்ளையள்" என்று சொல்லித் தந்துவிட்டு அவரும் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த அறை எங்களுடையது.

ஏழு பேர். மூன்று பேர் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தவர்கள், மற்றவர்கள் முதுதத்துவமாணி. சிலர் சூரியக்கலம் செய்கிறோம், ஒருத்தர் மென்படலங்களில் மின்தடை அளக்கிறார், இரண்டு பேர் கணினியில் மட்டும் வேலை. எங்கள் பெயர்கள் இங்கே வேண்டாம், ஊர்ப்பெயர்களே போதும். ஒவ்வொரு வெள்ளியும் ஒருத்தர் அண்மையில் வந்த ஒரு ஆய்வுக்கட்டுரையை எடுத்து வந்து மற்ற ஆறு பேருக்கும் விளங்கப்படுத்த வேண்டும். அவ்வளவுதான். வருகைப் பதிவும் இல்லை, சான்றிதழும் இல்லை, சுப்பர்வைசர்மாரும் இல்லை.

தொடங்கினது 2022 சித்திரையில். அதற்கு முதல் மாதக் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். உலை சுடாது, அளக்கும் கருவி வேலை செய்யாது, லப்ரொப் இரண்டு மணித்தியாலத்தில் செத்துப்போகும். என்னதான் செய்கிறது? வாசிக்கலாம். அப்போதுதான் அமெரிக்காவில் ஃபெர்மி ஆய்வுகூடத்தின் சிடிஎஃப் குழு டபிள்யூ போசானின் திணிவை அளந்து வெளியிட்டிருந்தது. அந்த மோதுகருவியை 2011 இலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய தரவை வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். வந்த விடை 80,433 மில்லியன் இலத்திரன்வோல்ற்று, கோட்பாடு சொல்வது 80,357. வித்தியாசம் 76. ஆனால் அவர்கள் சொன்ன வழு வெறும் 9. வவுனியா அண்ணா அதைக் கரும்பலகையில் எழுதி, யன்னலைத் திறந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்வரை விளங்கப்படுத்தினார். புறொஜெக்ரர் இல்லாதபடியால் எங்கே விளங்கவில்லையோ அங்கே மறிக்கலாம். அடுத்த ஸ்லைடுக்குத் தப்பி ஓட ஏலாது. கரண்ட் வந்த பிறகும் நாங்கள் புறொஜெக்ரர் போடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

துறையில் முறையான செமினார் ஒன்றும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருக்கா முன்வரிசையில் விரிவுரையாளர்கள் இருக்க, நாங்கள் இங்கிலீசில் பேசவேண்டும். அங்கே கேள்வி என்றால் பரீட்சை. பதில் தெரியாவிட்டால் அடுத்த கிழமை கொரிடோரில் அது கதையாகப் போகும். ஆகவே அங்கே நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் பேசுவோம்: தெரிந்ததை மெதுவாக, தெரியாததை வேகமாக.

வெள்ளிக்கிழமை தமிழில்தான் நடக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த இலத்திரன், அமுக்கம், தடை எல்லாம் எங்கேயும் போய்விடவில்லை என்று அங்கேதான் கண்டோம். சொல் வராத இடத்தில் இங்கிலீஸ் வரும், அதில் வெட்கம் இல்லை. எங்களில் ஒருத்தி குருநாகலில் இருந்து வந்தவள். தமிழ் பாதி விளங்கும். அவளுக்காக முழுக்க இங்கிலீசுக்கு மாறுவோம் என்று ஒருக்கா சொன்னோம். வேண்டாம் என்றாள். இங்கிலீசில் பேசினால் நீங்கள் ஒருத்தரும் சண்டை பிடிக்கிறீங்கள் இல்லை, சண்டையைப் பார்த்தால்தான் எனக்கு விசயம் விளங்குது என்று சொன்னாள். அது சரியாகத்தான் இருந்தது. சமன்பாடுகளை மட்டும் அவளுக்காகப் பெரிதாக எழுதுவோம்.

இப்படி ஒரு வருடம் போனது. 2023 பங்குனியில் வந்த கட்டுரையோடுதான் எல்லாம் கொஞ்சம் சிக்கலானது.

அந்தக் கிழமை வட்ஸ்அப் முழுக்க ஒரே செய்தி. அறை வெப்பநிலையில் மீகடத்தி, கண்டுபிடித்தவர் இலங்கையர். ரங்க டயஸ். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவுக்குப் போனவர், ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் வைத்திருந்தார். 2021 இல் ரைம் சஞ்சிகை, அடுத்து வரப்போகிற நூறு பேர் என்று போட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. நாங்கள் ஆய்வு என்று வந்ததே அதிசயமாகப் பார்க்கிற வீடுகளில் இருந்து அம்மாமார் அந்தச் செய்தியை எங்களுக்கு அனுப்பினார்கள். "இவரும் பௌதிகந்தானே படிச்சவர்?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தா. அந்த "உம்" எங்களுக்கு எவ்வளவு சந்தோசம் தந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மீகடத்தி என்றால் என்ன என்பதை ஒருக்கா சொல்லிவிடுகிறோம். 1911 இல் லைடனில் காமர்லிங் ஒன்னஸ் இரசத்தைக் குளிரவைத்துக்கொண்டு போனார். 4.2 கெல்வின் அளவில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ் அளவில், அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. இப்படியான ஒரு வளையத்தில் மின்னோட்டத்தை விட்டால் அது தேயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 1933 இல் இன்னொரு குணம் தெரிந்தது: மீகடத்தி தனக்குள் இருந்து காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும். ஆக ஒன்றை மீகடத்தி என்று சொல்ல இரண்டு சாட்சி வேண்டும். தடை பூச்சியமாக வேண்டும், காந்தப்புலம் வெளியே போகவேண்டும். நூறு வருடமாக எல்லோரும் தேடுவது குளிரவைக்கத் தேவையில்லாத ஒன்றை. 2015 இல் ஜேர்மனியில் ஐதரசன் சல்பைட்டை இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நசுக்கி 203 கெல்வின் வரை வந்தார்கள். ஆனால் அதற்கு வளிமண்டல அமுக்கத்தைப்போல் பதினைந்து லட்சம் மடங்கு வேண்டியிருந்தது.

டயஸின் கட்டுரை சொன்னது வேறு மாதிரி. லுற்றீசியமும் ஐதரசனும் கொஞ்சம் நைதரசனும். வெப்பநிலை 21 பாகை. அமுக்கம் வளிமண்டலத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு மட்டும். நசுக்க நசுக்க நீலம் இளஞ்சிவப்பாகிப் பிறகு சிவப்பாகும். லாஸ் வேகாசில் நடந்த அமெரிக்க பௌதிகவியல் சங்கக் கூட்டத்தில் அவர் அதை அறிவித்தபோது அறைக்குள் இடமில்லாமல் ஆட்கள் வெளியே நின்றார்கள்.

எங்கள் நூலகத்தால் நேச்சர் சஞ்சிகை எடுக்க வசதியில்லை. லண்டனில் படிக்கும் ஒருத்தரின் மச்சாள்தான் வழமைபோல பீடிஎஃப் அனுப்பினா. வவுனியா அண்ணா அதை வாங்கி மூன்று இரவு வாசித்தார். அவர் மின்தடை அளக்கிற ஆள், ஆகவே இது அவருடைய வீட்டு விசயம். அந்த வெள்ளி அவர் சேர்ட்டை உள்ளே விட்டு வந்திருந்தார். கன்ரீனில் ரோல்ஸ் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். இதை எழுதும்போதுதான் அது எவ்வளவு நோகிற ஞாபகம் என்று தெரிகிறது.

நன்றாகவே விளங்கப்படுத்தினார். தடை விழும் வளைகோட்டைக் கீறினார், காந்தச் சமிக்ஞையையும் கீறினார். எல்லோரும் தலையாட்டினோம். முடிக்கப்போகும்போது நெடுந்தீவுத் தம்பி கையைத் தூக்கினான். வந்து மூன்று மாதம்தான். எங்களில் ஆகச் சின்னவன்.

"அண்ணா, இந்தக் கிறாப்பில பின்னணியைக் கழிச்சிருக்கினம் எண்டு கீழ எழுதியிருக்கு. கழிக்க முதல் எப்பிடி இருந்தது?"

பின்னணி என்றால் இதுதான். வைரங்களுக்கு நடுவே இருக்கும் மாதிரி ஒரு தூசியளவு. அதைச் சுற்றி இருக்கும் உலோகங்களும் காந்தப்புலத்துக்குப் பதில் சொல்லும். அவற்றின் சத்தம் பெரிது, மாதிரியின் சத்தம் சின்னது. ஆகவே பெரிய சத்தத்தை அளந்து கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுவார்கள். நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான், களவு இல்லை. ஆனால் எதைக் கழித்தோம் என்று காட்டவேண்டும்.

அண்ணா கட்டுரையைப் புரட்டினார். "நேச்சரில வந்திருக்கு. பாத்துத்தானே போட்டிருப்பினம்" என்றார்.

தம்பி விடவில்லை. இதே ஆளின் 2020 ஆம் ஆண்டுக் கட்டுரையை, போன வருடம் புரட்டாசியில் அதே சஞ்சிகை மீளப்பெற்றதே, அதிலும் பின்னணியைக் கழித்த விதம்தானே பிரச்சினை என்றான். அது உண்மை. காபன், கந்தகம், ஐதரசன் சேர்ந்த பொருள், 15 பாகை. சான் டியேகோவில் ஹோர்ஹே ஹிர்ஷும் ஜெனீவாவில் வான் டெர் மாரலும் மூலத்தரவைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கடைசியில் கிடைத்ததைப் பிரித்துப் பார்த்து, இது அளந்து வந்த தரவுபோல இல்லையே என்று எழுதியிருந்தார்கள். கட்டுரையின் ஒன்பது பேரும் மறுக்க மறுக்கச் சஞ்சிகை அதை மீளப்பெற்றது. எங்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

அண்ணாவுக்குக் கோபம் வந்தது. "எங்கட நாட்டு ஆள் ஒருத்தர் மேல வந்தா உடன இழுத்து விழுத்த வேணும், என்ன?" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. குருநாகல்காரி மெதுவாக, "அவன் ஆளைக் கேட்கேல்ல, கிறாப்பைத்தான் கேட்டவன்" என்றாள், தன் பாதித் தமிழில். அதோடு கூட்டம் முடிந்தது. அன்று லைற்றை நிப்பாட்டக்கூட ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. ஐயா திங்கட்கிழமை ஏசினார்.

நாங்கள் மற்றவர்கள் என்ன செய்தோம் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கேள்வி சரி என்று ஆறு பேருக்கும் தெரியும். அண்ணாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் தம்பியின் பக்கம் பேசவில்லை. மூத்த ஆள், நல்ல ஆள், எங்கள் ஒவ்வொருத்தருக்கும் கருவி பழக்கினவர். முறையான செமினாரில் இருந்து தப்பி வந்து, அதையே ஒரு சின்ன அளவில் எங்கள் கையாலேயே கட்டியிருந்தோம்.

மூன்று நான்கு கிழமை கூட்டம் இல்லை. பிறகு தம்பிதான் சாவியை வாங்கி அறையைத் திறந்துவைத்திருந்தான். அதற்குப் பிறகு ஒரே ஒரு சட்டம் போட்டோம்: முதல் கேள்வி ஆகச் சின்னவர்தான் கேட்கவேண்டும். அவர் கேட்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது.

அந்த வருடம் ஆடி மாதம் கொரியாவில் இருந்து எல்கே-99 வந்தது நினைவிருக்கும். ஈயமும் செம்பும் பொசுபரசும் சேர்ந்த ஒரு கல், காந்தத்தின் மேல் பாதி மிதக்கிற வீடியோ. உலகம் முழுக்க வீட்டுச் சமையலறையில்கூடச் செய்து பார்த்தார்கள். எங்கள் உலையும் அந்தச் சூட்டுக்குப் போகும் என்று தம்பி துள்ளினான், ஆனால் வெற்றிடத்தில் அடைத்துச் சுட எங்களிடம் வழி இல்லை. மூன்று நான்கு கிழமையில் கதை முடிந்தது. தடை விழுந்ததற்குக் காரணம் மீகடத்தல் இல்லை, கலந்திருந்த செம்புச் சல்பைட்டு 104 பாகையளவில் கட்டமைப்பு மாறுவது. அது ஒரு நல்ல தோல்வி என்று நாங்கள் நினைத்தோம். செய்முறையை வெளியே வைத்தார்கள், எல்லோரும் செய்து பார்த்தார்கள், பிழை பிடிபட்டது.

டயஸின் கட்டுரை அப்படி முடியவில்லை. 2023 கார்த்திகை 7 ஆம் திகதி, நவம்பரில், அதுவும் மீளப்பெறப்பட்டது. இந்த முறை கேட்டது வெளியாட்கள் மட்டும் இல்லை. கட்டுரை எழுதிய 11 பேரில் 8 பேர் சஞ்சிகைக்குத் தாங்களே எழுதியிருந்தார்கள். அவர்களில் அந்த ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அடுத்த பங்குனியில் நேச்சரின் செய்திப் பிரிவு நீண்ட கட்டுரை ஒன்று போட்டது, அந்த மாணவர்கள் சொன்னவற்றை வைத்து. பல்கலைக்கழகம் வெளியாட்களைக் கொண்டு நடத்திய விசாரணை ஆய்வு முறைகேடு நடந்தது என்று முடிவு செய்ததும் அந்த வருடம் வெளியே வந்தது. டயஸ் தான் பிழை ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்லிவந்தார்.

அந்தச் செய்திக்கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்தது வவுனியா அண்ணாதான். ஒருத்தரும் கேட்கவில்லை. கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல் கதிரையில் இருந்தே வாசித்து வாசித்துச் சொன்னார். நாங்கள் ஆகக் கூடுதலான நேரம் கதைத்தது மீகடத்தியைப் பற்றி இல்லை, அந்தப் பிள்ளைகளைப் பற்றி. விசாவும் சம்பளமும் பட்டமும் ஒரே ஆளின் கையெழுத்தில் இருக்கும்போது, அந்த ஆளின் கட்டுரையை மீளப்பெறச் சொல்லி எழுதுவது எப்படி? அதை அவர்கள் எந்த இரவில் இருந்து எழுதியிருப்பார்கள்? "நான் எண்டா எழுதியிருக்க மாட்டன்" என்று ஒருத்தர் சொன்னார். மற்றவர்கள் மறுக்கவில்லை.

அண்ணா கடைசியில் தம்பியிடம், "அண்டைக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்" என்றார். தம்பி, "பரவாயில்லை அண்ணா, எனக்கும் தெரியாதுதானே" என்றான். அவ்வளவுதான் அந்தச் சமாதானம்.

அடுத்த வெள்ளி அக்காவின் முறை. இரண்டு மாதத்துக்கு ஒருக்கா யாராவது தங்கள் சொந்த வேலையைக் காட்டவேண்டும் என்றும் வைத்திருந்தோம். அக்கா நான்காவது வருடம். சாயமூட்டிய சூரியக்கலம். கண்ணாடியில் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பசையைத் தேய்த்து, சுட்டு, சாயத்தில் ஊறவைத்துச் செய்வது. சின்னக் கலம், ஐந்து மில்லிமீற்றருக்கு ஐந்து மில்லிமீற்றர், கால் சதுர சென்ரிமீற்றர். அக்காவுக்கு 6.3 சதவீத வினைத்திறன் வந்திருந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த வகைக் கலத்துக்கு அதுவரை அப்படி வந்ததில்லை. ஒரு மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பியாயிற்று.

தம்பி முதல் கேள்வி கேட்டான். சட்டம் அப்படி. "அக்கா, மாஸ்க் போட்டே அளந்தனீங்கள்?"

கொரோனா மாஸ்க் இல்லை. நடுவில் அளந்த ஓட்டை உள்ள ஒரு கறுப்புத் தகடு. கலத்தின் மேல் அதை வைத்தால் ஓட்டைக்குள்ளால் மட்டும் வெளிச்சம் விழும். வைக்காவிட்டால் கண்ணாடியின் ஓரங்களில் விழும் வெளிச்சமும் சிதறி உள்ளே போகும், பசையும் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் பரவியிருக்கும். வரும் வலு கூடும். ஆனால் பிரிக்கும்போது கால் சதுர சென்ரிமீற்றரால்தான் பிரிப்போம். ஒருத்தரும் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை, ஆனாலும் விடை பொய்.

அக்கா கனநேரம் பேசாமல் நின்றா. கையில் இருந்த சோக்கை உருட்டிக்கொண்டே நின்றா. பிறகு, "முதல் தொகுதிக்குப் போட்டனான். இந்தத் தொகுதிக்குப் போடேல்ல. தகடு உடைஞ்சிட்டுது, புதுசு வெட்ட நேரமில்லை, கெதியா நம்பரைத் தா எண்டு நிண்டவை" என்றா.

இந்த முறை நாங்கள் பேசாமல் இருக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் முதலில் வந்த கதைகள் எல்லாம் அக்காவைக் காப்பாற்றுகிற கதைகள்தான். கனபேர் மாஸ்க் இல்லாமல்தானே போடுகினம். மாநாட்டுச் சுருக்கந்தானே, முழுக் கட்டுரை இல்லையே. பிறகு திருத்தலாம். இவற்றைச் சொன்னது நாங்கள்தான், ஒவ்வொருத்தராக. அக்காதான், "காணும்" என்றா.

சித்திரைப் புதுவருசத்துக்கு அக்கா ஊருக்குப் போகவில்லை. கறுப்பு நிறம் அடித்த தகட்டில் அண்ணா ஓட்டை வெட்டிக் கொடுத்தார். நுணுக்குக்காட்டியில் ஓட்டையின் பரப்பைத் தம்பி அளந்தான். விளக்கை ஒவ்வொரு நாளும் ஒப்புக்கலத்தோடு சரிபார்த்தது குருநாகல்காரி. அவளுக்கும் அவுருது, அவளும் போகவில்லை. கன்ரீன் பூட்டு, ஆகவே பாணும் சம்பலும். பன்னிரண்டு கலங்களையும் ஒன்றும் விடாமல் அளந்தோம். ஆக நல்லது 5.4. சராசரி ஐந்துக்கும் கொஞ்சம் கீழே.

அக்கா இரண்டு எண்ணையும் கொண்டுபோய் சுப்பர்வைசரிடம் வைத்தா. என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. மாநாட்டுச் சுருக்கத்தில் 5.4 என்று திருத்தி அனுப்ப விட்டார்கள், ஆனால் வாய்மொழி அமர்வில் இருந்த அக்காவின் பெயர் சுவரொட்டி அமர்வுக்குப் போனது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ இல்லையோ எங்களுக்குத் தெரியாது. பட்டம் முடிய இன்னும் ஆறு மாதம் பிந்தும் என்று தெரியும். வீட்டில் கலியாணப் பேச்சை அதுவரை தள்ளிப்போட்டிருந்தார்கள், இனித் தள்ளமாட்டார்கள் என்றும் தெரியும். "ஒரு தகரத் துண்டால வந்த வினை" என்று சொல்லிச் சிரித்தா, பிறகு சிரிக்கவில்லை.

தம்பி அந்தக் கிழமை முழுக்க அக்காவின் முன்னால் வராமல் ஒளித்துத் திரிந்தான். அக்காதான் அவனைக் கன்ரீனில் பிடித்து, பிளேன் ரீ வாங்கிக் கொடுத்து, அடுத்த வெள்ளிக்கு அவன்தான் பேசவேண்டும் என்று சொன்னா. அவன் டபிள்யூ போசானை எடுத்தான். சேர்னில் அற்லஸ் குழு முதல் வருடம் தங்கள் பழைய தரவைத் திரும்பக் கணக்குப் பார்த்து 80,360 என்று சொல்லியிருந்தது, கோட்பாட்டுக்குப் பக்கத்தில். அப்போ அண்ணா யன்னல் வெளிச்சத்தில் எங்களுக்கு விளங்கப்படுத்திய அந்த 80,433 என்ன ஆகும்? யாரோ ஒரு குழு எங்கேயோ எதையோ சரியாகக் கழிக்கவில்லை. எது என்று இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.

தம்பி இரண்டு எண்ணையும் பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுத் திரும்பினான். முதல் கேள்வி யார் கேட்கிறது என்று ஒரு சின்னக் குழப்பம், ஏனென்றால் ஆகச் சின்னவன் அவனே. "நான் கேக்கட்டோ?" என்று வவுனியா அண்ணா கையைத் தூக்கினார்.